நார்மலைஸ் போட்டும் சத்தம் சரியாகவில்லையா? முதல்முறை மாட்டிக்கொள்பவர்களுக்கு

போன மார்கழியில் நங்கநல்லூரில் ஒரு சின்ன சபாவில் சித்தி பாடினார், பதிவு செய்தது நான். இரண்டே கால் மணி நேரக் கச்சேரியிலிருந்து ஆறு உருப்படிகளை எடுத்து ஆல்பமாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது, சத்தத்தைச் சமப்படுத்தத்தான் பதினோரு ராத்திரி போனது. ஒரு பாட்டில் நார்மலைஸ் போட்டால் ஒன்றுமே ஏறவில்லை, ஒன்றில் வயலின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, இன்னொன்றில் தம்புரா அலை மாதிரி ஏறி ஏறி இறங்கியது. முதல் நகலைக் கேட்டுவிட்டு சித்தி போன் பண்ணினார்: "என்னடா இது, ஆலாபனை காதுலயே விழ மாட்டேங்கறது, தனி வந்தா தூக்கிவாரிப் போடறது."

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நார்மலைஸ் என்பது ஒரே ஒரு பெருக்கல், அவ்வளவுதான். கோப்பு முழுவதையும் ஒரே எண்ணால் பெருக்கும். உள்ளே இருக்கும் மேடு பள்ளத்தை அது தொடாது. போதாக்குறைக்கு, பதிவுக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் சத்தத்தை மாற்றும் கைகள் நாலைந்து இருக்கின்றன, எந்தக் கை மாற்றியது என்று தெரியாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் விடியும்வரை அழுத்தலாம். கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் நகல், அப்புறம் மற்றதெல்லாம்

மூலப் பதிவை வேறு ஒரு டிஸ்க்கில் போட்டு, அந்த ஃபோல்டரைத் தொடுவதே இல்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும். ஒரு கச்சேரி ஒரு சின்ன பென் டிரைவிலேயே அடங்கிவிடும், இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஆடாசிட்டி மாதிரி மென்பொருளில் நார்மலைஸ் போட்டால் ட்ராக்கில் இருக்கும் ஒலியே மாறிவிடும், ரீப்பர் என்ற இன்னொரு மென்பொருளில் மூலக் கோப்பு அப்படியே இருக்கும், மேலே ஒரு கெய்ன் எண் (எத்தனை டெசிபல் கூட்டு அல்லது குறை என்பது) மட்டும் ஏறும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே கோப்புக்கு இரண்டு மென்பொருளிலும் மாற்றி மாற்றி நார்மலைஸ் போட்டு வைத்திருந்தேன். எது மூலம், எது மூன்றாம் தலைமுறை என்று எனக்கே தெரியாமல் போனது.

2. கோளாறு கோப்பிலா, கேட்கும் இடத்திலா?

இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். நான் இதைச் செய்தது ஒன்பதாம் நாள்.

ஒரு லவுட்னஸ் மீட்டர் வேண்டும். யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு போதும். எல்லா ஒலியும் கடைசியில் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கில், கடைசி ப்ளக்-இன்னாக (மென்பொருளுக்குள் மாட்டும் துணைக் கருவி) அதைப் போட்டு, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டு, இரண்டு எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: முழுப் பாட்டின் எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரி சத்தத்தின் அளவு), ட்ரூ பீக் (அலை உண்மையில் தொடும் உச்சம்). பாதியில் நிறுத்திய எண் செல்லாது. அப்புறம் எக்ஸ்போர்ட் செய்த கோப்பைப் புதிதாகத் திறந்த காலி ப்ராஜெக்டில் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து காதுக்கு மட்டும் வேறாகக் கேட்டால், கோப்பை விட்டுவிடுங்கள். குற்றவாளி வெளியே இருக்கிறான்.

வெளியே தேட வேண்டிய இடங்கள் இவை. விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குள் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று ஒரு தாவல் உண்டு. யாராவது உங்களை கணினி வழியாக அழைத்தால் மற்ற சத்தத்தை 80 சதவீதம் குறைத்துவிடு என்பதுதான் அதில் வழக்கமாகப் போட்டிருக்கும் அமைப்பு, அதை 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றுங்கள். ரியல்டெக் சவுண்ட் இருக்கும் லேப்டாப்பில் 'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' என்று ஒன்று சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம், அதை அணையுங்கள். விஎல்சி பிளேயரின் ஆடியோ அமைப்பிலும் நார்மலைஸ் என்று ஒரு டிக் உண்டு. ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக். போனில் டால்பி. இவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் மறுபடி கேட்க வேண்டும்.

வயலின் ஒரு பக்கம் சாய்ந்தது என்றேன் அல்லவா, அதற்கு இரண்டு காரணம் இருந்தது. ஒன்றை ஐந்தாம் படியில் சொல்கிறேன். இன்னொன்று, ரிச்சி தெருவில் வாங்கிய கேபிளை லேப்டாப்பில் பாதிதான் செருகியிருந்தேன். ஹெட்ஃபோனை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்: சாய்வும் கூடவே மாறினால் கோளாறு கோப்பிலோ கேபிளிலோ ஹெட்ஃபோனிலோ இருக்கிறது, அதே காதிலேயே நின்றால் உங்கள் காது.

3. எந்த நார்மலைஸ் என்று பாருங்கள்

ஒரே பெயரில் இரண்டு வேலை ஓடுகிறது. பீக் நார்மலைஸ், கோப்பில் இருக்கும் ஆக உயரமான ஒற்றைப் புள்ளியைத் தேடிப் பிடித்து, அது நீங்கள் சொன்ன அளவுக்கு வரும்வரை எல்லாவற்றையும் ஏற்றும். லவுட்னஸ் நார்மலைஸ், காது எவ்வளவு சத்தமாக உணரும் என்று கணக்குப் போட்டு ஏற்றும் அல்லது இறக்கும். ஆடாசிட்டியில் இரண்டும் தனித்தனி எஃபெக்ட். முதலாவது வழக்கமாக -1 டெசிபலில் நிற்கும் (0தான் உச்சவரம்பு, அதற்குக் கீழே எல்லாம் மைனஸ்), இரண்டாவது -23 எல்யூஎஃப்எஸ்ஸில் நிற்கும். -23 என்பது ஐரோப்பிய ஒளிபரப்புக்கான அளவு. அதை மாற்றாமல் ஓகே கொடுத்துவிட்டு "சத்தம் குறைந்துபோச்சே" என்று தலையில் கை வைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் -14க்குக் கொண்டுவரும். யூடியூபும் -14ஐ ஒட்டித்தான், ஆனால் சத்தமாக இருப்பதை இறக்குமே தவிர, குறைவாக இருப்பதை ஏற்றாது. ஆப்பிளின் சவுண்ட் செக் -16.

கர்நாடக சங்கீதக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதற்குள் இருக்கிறது. எல்யூஎஃப்எஸ் கணக்கு, பாட்டை 400 மில்லிசெகண்ட் துண்டுகளாகப் பார்க்கும். முதல் சுற்றில் -70க்குக் கீழே இருப்பதைத் தள்ளும். அப்புறம் மிச்சத்தின் சராசரியைவிட 10 அளவு கீழே இருக்கும் துண்டுகளையும் தள்ளிவிடும். மெல்லிய ஆலாபனையும், தாள வாத்தியம் மட்டும் முழங்கும் தனி ஆவர்த்தனமும் ஒரே கோப்பில் இருந்தால், ஆலாபனையில் பாதி கணக்கிலேயே வராமல் போகலாம். மீட்டர் -14 என்று சமர்த்தாகக் காட்டும், கேட்பவர் ஆலாபனையில் சத்தத்தைக் கூட்டித் தனியில் குறைத்துக்கொண்டிருப்பார். சித்தியின் புகார் இதுதான். இதற்கு நார்மலைஸ் மருந்தே அல்ல. கையால் கெய்ன் கோடு வரைந்து ஆலாபனையை 3, 4 டெசிபல் தூக்கி, தனியைக் கொஞ்சம் இறக்கி, அதற்குப் பிறகுதான் மொத்தத்துக்கும் லவுட்னஸ் நார்மலைஸ். ரொம்பத் தட்டையாக்கிவிடாதீர்கள், தனி ஆவர்த்தனம் தனி ஆவர்த்தனமாகத்தான் இருக்க வேண்டும்.

4. அந்த ஒற்றை முள்ளைத் தேடுங்கள்

"பீக் நார்மலைஸ் போட்டேன், ஒன்றுமே ஏறவில்லை" என்றால் பத்துக்கு எட்டுத் தடவை காரணம் இதுதான்.

என் கோப்பில் குரலின் உச்சம் -13 டெசிபலைத் தாண்டவே இல்லை. ஆனால் நார்மலைஸ் போட்டால் ஏறுவதற்குப் பதில் அரை டெசிபல் இறங்கியது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஆரம்பத்தில், திரை விலகுவதற்கு முன்னால், யாரோ மைக்கை விரலால் தட்டி "ஹலோ, ஹலோ, செக்" என்கிறார். இரண்டு தட்டு. முதல் தட்டு -6, இரண்டாவது -0.5. பார்க்க ஒரு மயிரிழைக் கோடு மாதிரிதான் இருக்கிறது, முழுத்திரையில் வைத்துப் பார்த்தால் கண்ணிலேயே படாது. மென்பொருளுக்கு அதுதான் கச்சேரியின் உச்சம். -1க்குக் கொண்டுவா என்றால், பாவம், அது அந்தத் தட்டலை -1க்குக் கொண்டுவந்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டது.

ஆகவே, நார்மலைஸ் போடுவதற்கு முன் பாட்டுக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் வெட்டுங்கள்: மைக் தட்டல், சுருதி சேர்ப்பது, கைதட்டல், மேடையில் தண்ணீர்ப் பாட்டிலை வைக்கும் சத்தம். வெட்டிய பிறகும் ஏறவில்லை என்றால், பாட்டுக்கு உள்ளேயே முள் இருக்கிறது. மிருதங்கத்தின் ஒரு சாப்பு, 'ப' எழுத்தில் மைக்கில் மோதிய காற்று, கஞ்சிராவின் ஒரு அடி. பெரும்பாலான மென்பொருளில் உச்சத்தைத் தேடிக் காட்டும் வசதி உண்டு, இல்லையென்றால் கோப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் உச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள், ஏழெட்டுத் தடவையில் இடம் தெரிந்துவிடும். அந்த ஒரு அடியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையால் 5, 6 டெசிபல் இறக்குங்கள். காதுக்குத் தெரியாது. தாள வாத்தியக்காரரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை.

இப்படி முள் நிறைய இருந்தால், சொன்ன அளவுக்கு மேல் போகும் உச்சத்தைத் தானாகவே அமுக்கும் லிமிட்டர் ஒன்றைப் போடலாம். போட்டால் 3 டெசிபலுக்கு மேல் அது பிடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் சாப்பின் மணி மாதிரியான நாதம் செத்துவிடுகிறது.

5. தனித்தனியாகவா, சேர்த்தா?

வயலின் சாய்ந்த கதை. ஆடாசிட்டியின் நார்மலைஸ் பெட்டியில், ஸ்டீரியோ சேனல்களைத் தனித்தனியாக நார்மலைஸ் செய் என்று ஒரு டிக் இருக்கிறது. இடதும் வலதும் வெவ்வேறு எண்ணால் பெருக்கப்பட்டால், மேடையில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்ற படமே கலைந்துவிடும். ஒரு சேனலின் பதிவு அளவு தப்பாகிப்போன கேசட் மாதிரியான மூலத்துக்குத்தான் அது உதவும், மற்ற நேரத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இதே தப்பு ட்ராக் அளவிலும் நடக்கும். குரல், வயலின், மிருதங்கம், தம்புரா என்று நாலு ட்ராக்கையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் நார்மலைஸ் போட்டால், தம்புராவும் குரலும் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். மிக்ஸ் போச்சு. ரீப்பரில் தேர்ந்தெடுத்த துண்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே கெய்ன் போடுவதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஆல்பத்துக்கும் இதேதான். ஆறு உருப்படியையும் தனித்தனியே -14க்குக் கொண்டுவந்தால், ஒரு விருத்தமும் ஒரு தில்லானாவும் ஒரே சத்தத்தில் வரும். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆறையும் ஒரே கோப்பாக வரிசையாகப் போட்டு, மொத்தமாக ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, அதே கெய்னை ஆறுக்கும் கொடுங்கள். ஸ்பாட்டிஃபையும் ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் ஆல்பம் மொத்தத்துக்கும் ஒரே அளவைத்தான் போடுகிறது. ஷஃபிளில் கேட்டால் மட்டும் பாட்டுக்குப் பாட்டு.

6. மோனோ என்றால் 3 டெசிபல் புதிர்

ஒரே மைக்கில் எடுத்த மோனோ கோப்பு, தனியாக அளந்தால் -17 என்று காட்டும். அதையே இரண்டு ஸ்பீக்கருக்கும் அனுப்பி அளந்தால் -14. இரண்டும் சரியான எண்தான். ஆடாசிட்டியில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருது என்ற டிக்கை அப்படியே விட்டுவிடுங்கள்.

7. கம்ப்ரஸர் போட்ட பிறகு கிளிப்பைத் தொடாதீர்கள்

மிக்ஸ் எல்லாம் முடிந்து, குரல் கொஞ்சம் கம்மியாக இருக்கிறதே என்று அந்தக் கிளிப்புக்கு (ட்ராக்கில் இருக்கும் ஒலித் துண்டு) மட்டும் நார்மலைஸ் போட்டேன். குரல் ஏறவில்லை, மூச்சு முட்டிய மாதிரி ஆனது. காரணம் எளிது. கிளிப்பின் கெய்ன் ப்ளக்-இன்களுக்கு முன்னால் இருக்கிறது. 6 டெசிபல் கூட்டினால் அந்த 6ம் நேராகக் கம்ப்ரஸருக்குள் (சத்தம் கூடும்போது அழுத்திக் குறைக்கும் ப்ளக்-இன்) போய் மோதும், அது இன்னும் அழுத்திப் பிடிக்கும். இந்தக் கட்டத்தில் ஏற்ற வேண்டியது, ப்ளக்-இன்களுக்குப் பிறகு வரும் ட்ராக்கின் ஃபேடரை. கிளிப் நார்மலைஸ் எல்லாம் மிக்ஸ் ஆரம்பிப்பதற்கு முன்னாடியே முடிந்திருக்க வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளில் வேலை செய்பவர்கள் சாம்ப்ளர் சேனலுக்குள் இருக்கும் நார்மலைஸ் பட்டனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், எப்போதோ அழுத்தியது அப்படியே இருக்கும்.

8. எக்ஸ்போர்ட் பெட்டியை வாசியுங்கள்

ஏபிள்டன் லைவ் மென்பொருளின் எக்ஸ்போர்ட் பெட்டியில் நார்மலைஸ் என்று ஒரு சுவிட்ச் உண்டு. லாஜிக் மென்பொருளின் பவுன்ஸில் (எக்ஸ்போர்ட்டுக்கு அதன் பெயர்) மூன்று நிலை: ஆஃப், ஆன், அளவு மீறினால் மட்டும். ரீப்பரின் ரெண்டர் பெட்டியிலும் இருக்கிறது. நீங்கள் உள்ளே பார்த்துப் பார்த்து -14க்குச் செய்ததை, இந்தச் சுவிட்ச் கடைசி நொடியில் உச்சம் 0 டெசிபலைத் தொடும்வரை ஏற்றிவிடலாம். உள்ளே ஒரு எண், எக்ஸ்போர்ட் கோப்பில் வேறு எண் என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

0 டெசிபல்வரை ஏற்றுவதும் வேண்டாம். கோப்பில் பதிவாகும் அளவுப் புள்ளிகளான சாம்பிள்களில் இரண்டுக்கு நடுவில் அலை அதைவிட மேலே போகலாம், எம்பி3 ஆக மாற்றும்போது உச்சம் இன்னும் கொஞ்சம் ஏறும். விளைவு, டபிள்யூஏவி கோப்பில் சுத்தமாக இருந்த பாட்டு எம்பி3யில் கரகர என்னும். ட்ரூ பீக் -1க்குள் நிறுத்துங்கள்.

வேலை நடுவில் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறீர்களா, 32 பிட் ஃப்ளோட்டில் எடுத்துப் போங்கள். அதில் 0ஐத் தாண்டிய கோப்பைக்கூடப் பிறகு இறக்கி மீட்கலாம். 24 பிட்டில் உச்சி வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான், அதற்குப் பிறகு நார்மலைஸ் போட்டு இறக்கினால் வெட்டுப்பட்ட பாட்டு மெதுவாகக் கேட்கும், அவ்வளவே.

9. தம்புரா அலை அடித்தால்

கமாண்ட் லைன் பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளின் லவுட்நார்ம் ஃபில்டரைப் (லவுட்னஸ் நார்மலைஸ் செய்யும் பகுதி) போடுவார்கள். நானும் போட்டேன். அதை ஒரே சுற்றில் ஓடவிட்டால் பாட்டு ஓட ஓட சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே போகும். குரல் நின்ற இடத்தில் தம்புரா மேலே எழும், குரல் வந்ததும் அமுங்கும். முதல் சுற்றில் அளக்க மட்டும் சொல்லி, அந்த எண்களை இரண்டாம் சுற்றில் கொடுத்து, பாட்டு முழுவதற்கும் ஒரே கெய்ன் போடும் லீனியர் முறையைக் கேளுங்கள். அப்போதும் ஒரு பொறி இருக்கிறது: சத்தத்தின் ஏற்ற இறக்க வீச்சுக்கு அது வழக்கமாக வைத்திருக்கும் எண் 7, கச்சேரிப் பதிவு அதை எளிதில் தாண்டும், தாண்டினால் சொல்லாமல் கொள்ளாமல் பழைய முறைக்கே திரும்பிவிடும். அளந்து வந்த எண்ணைவிடக் கூடுதலாக நீங்களே கொடுங்கள். ட்ரூ பீக் எல்லைக்குள் அடங்காவிட்டாலும் இதேதான் நடக்கும். வெளியே வரும் கோப்பு திடீரென்று நாலு மடங்கு பெரிதாக இருந்தால் பயப்படாதீர்கள், உள்ளே அது 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொள்கிறது, 48 வேண்டும் என்று கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும்.

10. கையில் இருக்க வேண்டிய தாள்கள், செலவு, நாள்

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் வெறுங்கையோடு போகாதீர்கள். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், சாம்பிள் ரேட், பிட் அளவு, இரண்டாம் படியில் குறித்த இரண்டு எண்கள், எக்ஸ்போர்ட் பெட்டியின் ஸ்க்ரீன்ஷாட், நார்மலைஸுக்கு முன்னும் பின்னும் முப்பது முப்பது நொடித் துண்டு. இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இவ்வளவும் இருந்தால் தெரிந்தவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

செலவு என்று பார்த்தால் பூஜ்யத்தில் முடியும். ஆடாசிட்டி இலவசம், ரீப்பரை 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம், பிடித்தால் தனிநபர் உரிமம் 60 டாலர். வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தேன், மணிக்கு 900 ரூபாய் சொன்னார்கள். முள் எடுப்பதையும் வெட்டுவதையும் வீட்டில் முடித்துவிட்டுப் போனால் இரண்டு மணி நேரம் போதும், முடிக்காமல் போனால் அந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாட்டை ஸ்பாட்டிஃபை மாதிரித் தளங்களுக்கு விநியோகம் செய்பவர்கள் ஒரு ஸ்பெக் தாள் வைத்திருப்பார்கள். எந்த ஃபார்மேட், எத்தனை பிட், எந்த ரேட் என்று அதில் இருக்கும், அதை முதல் நாளே வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு பாட்டின் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (ஒரு பதிவை அடையாளம் காட்டும் எண்), அந்தப் பாட்டின் கடைசிக் கோப்பின் பெயரையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். எனக்கு 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல்_சித்தி ஓகே' என்று மூன்று இருந்தன, ஏற்றியது நடுவில் இருந்ததை. வெளியான பிறகு மாற்றக் கேட்டால், எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னார்கள், கோப்பைச் சரிபார்க்க மறுபடி நாலு நாள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட்காரர்களுக்குப் பாட்டை முன்மொழிய வெளியீட்டுக்கு 7 நாளாவது முன்னால் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே வெளியீட்டுத் தேதிக்கு மூன்று வாரம் முன்னாடியே கோப்பை முடித்துவிடுங்கள்.

யூடியூபில் ஏற்றினால், முதலில் அன்லிஸ்டடாகப் (லிங்க் இருப்பவர்கள் மட்டும் பார்ப்பது) போட்டு, வீடியோ மேல் வலது க்ளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பாருங்கள். அதில் கன்டென்ட் லவுட்னஸ் என்று ஒரு எண் வரும். ப்ளஸ் 3 என்றால் உங்கள் பாட்டை 3 டெசிபல் இறக்கித்தான் ஒலிக்கவிடுகிறார்கள், மைனஸ் 3 என்றால் நீங்கள் கொடுத்த அளவிலேயே கேட்கிறது. பிளேயரில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் தானாகச் சமப்படுத்தும் 'ஸ்டேபிள் வால்யூம்' ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டுக் கேளுங்கள். என்னுடையது மைனஸ் 0.4 வந்தது. லிங்க்கை சித்திக்கு அனுப்பினேன். "ஆலாபனை கேக்கறது. அந்த ரெண்டாவது உருப்படியில நான் இருமினதை எடுக்கக் கூடாதா?" என்றார்.